சாவா மூவாப் பட்டாதாரர்

திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்தில் பாண்டியர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் பூண்ட வீரபாண்டியன் ஆண்ட 10ஆம் நூற்றாண்டில், அங்கே விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர்களைப் பற்றிய செய்திகள் அதன் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கால விளக்குக் கொடை சிக்கனமான ஏற்பாடு, கெட்டியான ஏற்பாடும்கூட. கொடுப்பவர் ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்; இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு மேய்ப்பார்; பதிலுக்கு நாள் தவறாமல் விளக்குக்கு நெய் அளப்பார். ஆடு கிழடு தட்டினாலும் செத்தாலும் அந்த இடத்துக்குக் குட்டி வந்துவிடும் என்பதால் கணக்கில் எண்ணிக்கை குறையாது. இத்தகைய கொடைகளில் வரும் ஆடுகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைப்பது வழக்கம். இதைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்ததற்குப் பக்தி ஒரு காரணம். எச்சரிக்கை இன்னொரு காரணம். நெய் அளக்க வேண்டியவரின் பேரன் பிற்காலத்தில் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று கையை விரிக்க முடியாது. ஒப்பந்தம் வருவோர் போவோர் கண்ணெதிரே நிற்கிறது.

கல்லிலிருந்து திரைக்கு வருவோம். இணையதளங்களை வகைபிரிக்கச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும்: அரசுத் தளம், வணிகத் தளம், செய்தித் தளம், கல்வித் தளம், சமூகத் தளம். இந்தப் பட்டியலில் தவறில்லை. ஆனால் தளத்தை நடத்துகிறவர் யார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அங்கே எழுதியிருப்பதை யார் நம்பியாக வேண்டும், நம்பாவிட்டால் யாருக்கு நட்டம் என்று கேட்டால்தான் ஒவ்வொரு தளமும் எதற்காக இருக்கிறது என்பது தெரியவரும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி என்று பரந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுத்து இந்தக் கேள்விக்கு ஏற்பப் பல இனங்களாகப் பிரிந்திருந்தது. திரையில் இன்று தெரிகிற வகைகள் பெரும்பாலும் அந்தப் பழைய இனங்களின் வாரிசுகள். அவற்றின் பலமும் பழுதும் வாரிசாகவே வந்தவை. இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கோயில் கல் எல்லாரும் பார்ப்பதற்கான எழுத்து என்றால், உள்ளாட்கள் மட்டும் பார்ப்பதற்கான எழுத்தும் இங்கே இருந்தது. ராமநாதபுரம் பகுதி நாடார் வணிகர்களின் ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் அதை ஒட்டிய பாளையம்பட்டியும் அடக்கம். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்கள் மேல் தாங்களே விதித்துக்கொண்ட மகமையிலிருந்து கோயிலும் மண்டபமும் பள்ளிக்கூடமும் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தார்கள். மகமைக் கணக்கு உறவின்முறை என்ற சாதிச் சங்கத்துக்குச் சொந்தமானது. அதில் சந்தேகம் கிளப்பும் உரிமை தலைக்கட்டு வரி கொடுத்தவருக்கே உண்டு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடும் தளங்களின் தருக்கம் இதுவேதான். நூலக வகைத் தளத்துக்கும் இங்கே ஒரு முன்னோர் இருக்கிறார். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் பாலவனத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, ஏடுகளைத் திரட்ட ஒரு புத்தகசாலையும் அச்சிட ஓர் அச்சுக்கூடமும் அமைத்தார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மின்னூல் திரட்டு 'மதுரைத் திட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டது தற்செயல் அல்ல. அப்படிப்பட்ட தளத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் படிப்பவருக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். எவருக்கும் நிலம் போய்விடாது.

நிலத்தைப் பற்றிய எழுத்து அப்படியல்ல. அதில் ஓர் இலக்கம் மாறினால் ஒரு குடும்பம் பத்து ஆண்டு தாலுகா ஆபீஸுக்கு நடக்கும். இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் ஜமீனுக்குள் இருந்தது. 1803இல் ராணி மங்களேசுவரி நாச்சியாருக்குக் கம்பெனி நிரந்தர சன்னது கொடுத்த பிறகு, அரசாங்கம் ஜமீனிடம் பேஷ்குஷ் என்ற கப்பம் வாங்கியது. குடியானவரிடம் நேரே கணக்குப் பார்க்க அதற்கு அவசியம் இருக்கவில்லை. சர்க்கார் குடியானவரிடம் நேரே தீர்வை வாங்கிய ரயத்துவாரி ஊர்களில் அதுவே பட்டா கொடுத்த காலத்தில் இங்கே பட்டாவை ஜமீன் கொடுத்தது. குடியானவர் அதற்கு எதிர்ச்சீட்டாக முச்சலிக்கை எழுதிக் கொடுத்தார். இன்னார் இன்ன நிலத்துக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்பதே அந்தக் காகிதத்தின் சாரம். நிலம் யாருடையது என்பதை அது பட்டும் படாமலும் விட்டுவைத்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவரின் அனுபவ உரிமையை ஒப்புக்கொண்டது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் 1949இல் ராமநாதபுரம் சமஸ்தானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் இந்தப் புஞ்சைக்காரர்களில் பெரும்பாலோரின் பெயர் சர்க்கார் புத்தகத்தில் நேரடியாக ஏறியது. தஞ்சாவூரிலோ கோயம்புத்தூரிலோ நிலப் பதிவின் வயதைத் தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து எண்ணலாம். இங்கே அது தாத்தா காலத்துச் சங்கதி. அந்த இளமை பின்னால் வரும் பிழைகளுக்குக் கொஞ்சம் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜமீன் இருந்தபோதும் போனபோதும் மாறாமல் இருந்தவர் கர்ணம், ஊர்வழக்கில் கணக்குப்பிள்ளை. 1802ஆம் ஆண்டின் 29ஆவது ரெகுலேஷன், ஜமீன் ஊர்களில் கணக்கை வைத்திருக்கும் பொறுப்பைக் கர்ணத்திடம் கொடுத்தது. ஜமீன்தாருக்கும் குடியானவருக்கும் நடுவே ஒரு சாட்சியாக அவர் இருக்க வேண்டும் என்பது எண்ணம். நடைமுறையில் வேலை பரம்பரையாகப் போயிற்று, கணக்குக் கட்டும் அவர் வீட்டிலேயே இருந்தது. யார் பெயரில் எத்தனை புலம் என்பது சிட்டா. எந்தப் புலத்தில் இந்தப் பசலியில் என்ன விதைத்தது, யார் உழுதது என்பது அடங்கல், கிராமக் கணக்கில் 2ஆம் எண். பசலி என்ற வருவாய் ஆண்டு ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடியும், கி.பி. ஆண்டில் 590ஐக் கழித்தால் கிடைப்பது. முடிந்த பசலியின் கணக்கை ஜமாபந்தியில் தாலுகாவுக்குக் கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். ஊரில் ஒரே ஒருவர் மட்டும் படிக்க முடிந்த புத்தகம், அவர் வீட்டுப் பரணில் இருந்த புத்தகம், எல்லார் வயிற்றையும் தொடுகிற புத்தகம். கணக்குப்பிள்ளையைப் பகைத்தவன் கதை என்னவாகும் என்பதற்குக் கரிசல் காட்டில் சொலவடைக்குப் பஞ்சமில்லை.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பரம்பரை போய்த் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.   கணக்கு ஒருவரின் குடும்பச் சொத்தாக இருந்த நிலை அன்றோடு முடிந்தது. ஆனால் கணக்கே சரியாக இருந்ததா? அதைச் சரிசெய்வதற்கென்று 1979இல் தொடங்கி 1987 வரை நடந்தது நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். மக்கள் வாயில் அது யூடிஆர். அனுபவத்தில் இருப்பவரை விசாரித்துப் பெயரை ஏற்றினார்கள். லட்சக்கணக்கான பெயர்கள், அவசரமான கைகள்; கூட்டுப்பட்டாவில் ஒரு பங்காளி விடுபட்டார், இன்னொரு புலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் ஏறிவிட்டார். 'யூடிஆர் பிழை' என்ற சொல் அன்று பிறந்து இன்றுவரை கோட்டாட்சியர் அலுவலக மனுக்களில் உயிரோடு இருக்கிறது.

கணினிக்குள் போனது இந்தப் பதிவேடுதான். மத்திய அரசு 1988-89இல் எட்டு மாவட்டங்களில் நிலப் பதிவுகளைக் கணினிமயமாக்கும் சோதனையைத் தொடங்கியது. கர்நாடகம் 'பூமி' திட்டத்தில் 177 தாலுகாக்களின் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கையெழுத்துப் பிரதி இனிச் செல்லாது என்று துணிந்து அறிவித்தது. தமிழ்நாடு கொஞ்சம் நிதானமாக நடந்து, 'தமிழ்நிலம்' வழியாக இணையத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது எவரும் அந்தத் தளத்தில் மாவட்டம் விருதுநகர், வட்டம் திருச்சுழி, கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவையுமோ கொடுத்தால், ஒரு பக்கத்தில் அடங்கும் சிட்டா வந்து விழும். மேலே உரிமையாளர், இன்னார் மகன் இன்னார் என்று. கீழே கட்டங்கள்: புன்செய், நன்செய், மற்றவை, ஒவ்வொன்றின் கீழும் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும், தீர்வை ரூபாயிலும் பைசாவிலும். இந்தச் சீமைச் சிட்டாக்களில் கண்மாய்ப் பாசனம் எட்டாத நிலம் என்றால் நன்செய்க் கட்டம் வெள்ளையாகவே கிடக்கும். பருத்தியும் மல்லியும் வத்தலும் குதிரைவாலியும் மாறி மாறி விளையும் ஒரு குறுக்கத்தைப் பற்றிக் கட்டம் சொல்வது மிகச் சொற்பம். அதை வரைந்தவருக்கு வேண்டியிருந்தது வரி. திரையின் நிறம் மாறியிருக்கிறது, கட்டம் கணக்குப்பிள்ளை போட்ட கட்டம்தான்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும். பரணில் இருந்த கட்டு இன்று துபாயில் வேலை பார்க்கும் மகனின் கைப்பேசியில் திறக்கிறது. எல்லாரும் பார்க்க முடிந்த பிறகு அது வேறு வகையான எழுத்து இல்லையா, அதைப் பழைய கணக்கின் வாரிசு என்று குறைக்கலாமா? பார்வை திறந்தது பெரிய மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்குப்பிள்ளையின் அதிகாரத்தில் பாதி, அவரிடம் மட்டும் புத்தகம் இருந்ததிலிருந்து வந்தது, அது ஒழிந்தது. ஆனால் பார்க்க முடிவதும் பார்த்ததால் பயன் பெறுவதும் வேறு வேறு. பக்கத்துக் கமுதியில் 2016இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அந்த அளவுக்கு நிலம் தேடுகிற எவருக்கும் புல எண் வாரியாகப் பெயரும் பரப்பும் உட்கார்ந்த இடத்தில் கிடைப்பது வரப்பிரசாதம். தன் மூன்று ஏக்கரை மட்டும் பார்க்கும் சம்சாரிக்கு ஏற்கெனவே தெரிந்ததையே தளம் சொல்கிறது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, வருவாய்க் கணக்குக்கான பதிவு மட்டுமே என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. உரிமைக்குப் பதிவுத்துறையின் தளத்துக்குப் போய் வில்லங்கம் பார்க்க வேண்டும். அது பத்திரங்களின் கதையைச் சொல்லும், மண்ணின் கதையைச் சொல்லாது. பட்டாவைத் தாசில்தார் நம்பியாக வேண்டும், வில்லங்கத்தை வாங்குகிறவர் நம்பியாக வேண்டும். ஒரே நிலத்துக்கு இரண்டு தளம் இருப்பது நிர்வாகக் குழப்பம் போலத் தோன்றும். நம்புகிறவர்கள் இரண்டு பேர் என்பதால் எழுத்தும் இரண்டாயிற்று.

அடங்கலை நம்ப வேண்டியவர் வேறொருவர். 2016இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. எந்தப் புலத்தில் என்ன விதைத்தது என்று ஊருக்குள் சும்மா கிடந்த தகவலைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கத் தொடங்கியது. மழை பொய்த்த சீமையில் விதைப்புச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் நிற்பதும், கடைசித் தேதிக்குள் தளத்தில் ஏற்றிவிடப் பரபரப்பதும் பருவத்தோடு சேர்ந்த வேலையாகிவிட்டன. சந்தைத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துப் பழகிய ஊர் இது. தேசிய மின்னணு வேளாண் சந்தை 2016இல் பிறந்தாலும், மல்லியைக் கையில் அள்ளித் தேய்த்து மோந்து பார்க்காத வியாபாரியைத் தயார்செய்வது தளத்தால் ஆகிற காரியமா என்பது சந்தேகமே.

இரண்டாவது மறுப்பு, தளம் வந்ததும் இடைத்தரகர் போய்விட்டார் என்பது. திருச்சுழியின் வரலாறே இதற்கு எதிர்ச்சாட்சி. இந்த ஊரில் 1879இல் பிறந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரம் ஐயர், சிறுவயதில் ஊர்க் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர். பிறகு பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்து, சன்னது இல்லாத வக்கீலாக வழக்காட அனுமதி பெற்று, ஊரில் மதிப்புள்ள மனிதரானார். மகனின் புகழில் மறைந்துபோன இந்தத் தொழில் வாழ்க்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணக்கு ஒரு மொழியில் இருக்கிறது, மக்கள் இன்னொரு மொழியில் பேசுகிறார்கள். நடுவே பெயர்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்படும்வரை அந்த ஆசனம் காலியாக இருக்காது. இன்று அதில் உட்கார்ந்திருப்பவர் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங்கும் சேர்த்து நடத்துபவர், அல்லது இ-சேவை மையத்துப் பெண். படிவத்தில் 'உட்பிரிவு' என்ற கட்டத்தில் எதை அடிக்க வேண்டும், ஆதாரில் உள்ள எழுத்தும் பட்டாவில் உள்ள எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதே அவருடைய வித்தை.

இந்த ஆளை மையமாக வைத்துத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2001இல் மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி, என்-லோக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து கிராமங்களில் இணையக் கடைகளை நிறுவின. சாதிச் சான்று, பிறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயின. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கடைகள் மூடிக்கொண்டன. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் வாதத்துக்கு நெருக்கமானது: ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும், மின்னஞ்சலில் வந்த விண்ணப்பத்தை மதிக்க அலுவலகத்தில் ஆளில்லை. கம்பியில்லாத் தொடர்பு இருந்தும், எதிர்முனையில் நம்ப வேண்டியவர் நம்பாததால் எழுத்து செத்துவிட்டது. எதிர்முனை கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டத்தில், வடமாவட்டங்கள் பலவற்றில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் கணினி மையங்களின் வழியே விவசாயிகளாகப் பதிவாகி, 100 கோடி ரூபாய்க்கு மேல் அவர்கள் கணக்குகளுக்குப் போனது வெளிவந்தது. அதிகாரிகளின் கடவுச்சொற்கள் வெளியே புழங்கியிருந்தன. பழைய கணக்குப்பிள்ளையால் ஓர் ஊரின் கணக்கைத்தான் திரிக்க முடிந்தது.

அப்படியானால் கல்லுக்கே திரும்பிவிடலாமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பள்ளிமடத்துக் கல்லின் ஏற்பாட்டில் இருந்த ஒன்று இந்தத் திரையில் இல்லை. அங்கே ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எழுத்து மாறாமலே நடப்பு மாறிக்கொள்ளும். சிட்டாவில் நடப்பது இதன் தலைகீழ். விற்பனைப் பத்திரம் பதிவானால், உட்பிரிவு தேவைப்படாத இடங்களில், பட்டா தானாகவே பெயர் மாறும் ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. சாவுக்கு அப்படி ஏதும் இல்லை. யூடிஆரில் ஏறிய தாத்தா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கலாம். பேரன்கள் பாகம் பிரித்து வரப்பு போட்டு, ஒருவர் மக்காச்சோளமும் ஒருவர் சீமைக்கருவேல் கரிமூட்டமுமாக இருக்கலாம். சிட்டாவில் தாத்தாதான் சாவாமல் மூவாமல் நிற்பார். அவர் பெயரில் காப்பீடு எடுக்க முடியாது, கிசான் பணம் வராது, வங்கி நகைக்கு மட்டும் கடன் கொடுக்கும். பெயரை மாற்ற வாரிசுச் சான்று, அதற்கு முன் இறப்புச் சான்று, அத்தைமார் அத்தனை பேரின் சம்மதம், பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், நில அளவர் வரும் நாளுக்கான காத்திருப்பு. இத்தனைக்கும் அவருடைய இறப்பு அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று அரசு நடத்தும் தளம் வேறு இருக்கிறது. அதில் பதிவு எண்ணை அடித்தால் அதே தாத்தாவின் இறப்புச் சான்று, நாளும் இடமும் போட்டு, ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும்.